பூஜ்யம் போட்ட காவல்

ஒரு காலத்தில் கணினிப் பாதுகாப்பு என்பது கோட்டை மதில்தான். வெளியே ஃபயர்வால், அதைத் தாண்டி உள்ளே வந்தவர் நம் ஆள். ஃபயர்வால் பொருத்தும் வேலையில் இருந்த ஜான் கிண்டர்வாக்கை அதில் ஒரு விஷயம் உறுத்தியது. கருவியின் ஒவ்வொரு வாசலுக்கும் நம்பிக்கை மதிப்பெண் போட வேண்டும்: இணையப் பக்கத்துக்கு 0, உள்பக்கத்துக்கு 100. உள்ளிருந்து வெளியே போவதை நிறுத்திக் கேட்க ஆளே இல்லை. திருடன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்?

2010 ஜனவரியில் கூகுளே வாய் திறந்தது: தன் வலைக்குள் புகுந்து திருடிவிட்டார்கள். அதே ஆண்டு, ஃபாரஸ்டர் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கிண்டர்வாக் அறிக்கை எழுதினார். உள்பக்கத்துக்கும் மதிப்பெண் 0; உள்ளிருந்து வந்தாலும் ஒவ்வொரு முறையும் சரிபார். இதுதான் ‘ஜீரோ டிரஸ்ட்’. கூகுள் அந்த வழியில் இறங்கியது. மதிலை நம்பியே இருந்தவர்கள் பலர்.

2016 பிப்ரவரியில் டாக்காவில், வங்கதேச மத்திய வங்கியில் பணப் பரிமாற்றத் தகவல்களை அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்று நின்றுபோனது. வழக்கமான கோளாறு என்று விட்டார்கள். அதற்குள் திருடர்கள் அனுப்பிய பொய்க் கட்டளைகளால் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிருந்தது. இலங்கைக்குக் கிளம்பிய 2 கோடி மட்டும், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் மாட்டிக்கொண்டது. ஒரு எழுத்துப் பிழை காப்பாற்றிய பணம் அது. அடுத்த முறை யார் காப்பாற்றுவது?

2018 பிப்ரவரி. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில், வங்கிகளுக்கிடையே பணக் கட்டளை அனுப்பும் ஸ்விஃப்ட் வலையின் தகவல்களை அச்சடிக்கும் பிரிண்டர் முடக்கப்பட்டது. 7ஆம் தேதி கணக்கைச் சரிபார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று தொகைகள் துபாய், துருக்கி, சீனா நோக்கிக் கிளம்பியிருந்தன. மொத்தம் 20 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. துபாய்க்குப் போன 5 லட்சம் உடனே தடுக்கப்பட்டது. டாக்காவிலும் கும்பகோணத்திலும் கட்டளை வங்கியின் உள்ளிருந்தே வந்ததுபோல் இருந்தது. அதனால்தான் பணம் நகர்ந்தது.

2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஜீரோ டிரஸ்ட் முறைக்கு வழிகாட்டி நூலே வெளியிட்டது. ‘ஜீரோ டிரஸ்ட்’ என்ற பெயரைக் கேட்டு, ஊழியரைச் சந்தேகிக்கும் ஏற்பாடு என்று சிலர் வருந்துவது தவறு. சந்தேகம் ஆள்மேல் அல்ல, அவர் பெயரில் வரும் கட்டளைமேல்.

பரமத்தி வேலூர் ஏலச்சந்தையில் வெற்றிலைச் சுமைக்கு யுபிஐயில் பணம் அனுப்பும் வியாபாரியிடம், அரைமணி முன்பு அதே போனில் அனுப்பியிருந்தாலும், வழக்கமாக ரகசிய எண் மறுபடியும் கேட்கப்படுகிறது. அதுவும் இதே குணம்தான். கேட்கட்டும், கும்பகோணத்தில் கேட்க ஆள் இல்லாமல்தான் பணம் போனது.