கொழுப்புத் திட்டுக்குள் ஒரு கடிவாளம்

நரம்பைத் தூண்டினால் உறுப்பு வேலை செய்யும். 1845 வரை அறிஞர்கள் நம்பியது அவ்வளவுதான். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபரும் தம்பி எடுவார்டும் ஒரு தவளையின் வேகஸ் நரம்பில் மின்சாரம் பாய்ச்சினார்கள். இதயம் வேகமெடுக்கவில்லை, நின்றே போனது. மின்சாரத்தை எடுத்ததும் மறுபடி துடித்தது. அடக்கி ஆள்கிற நரம்பும் உடம்பில் உண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று.

அந்த அடக்கும் நரம்பு கைகொடுக்கக்கூடிய இதய நோய் ஒன்று உண்டு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அதில் இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை தாறுமாறாக நடுங்கும். நடுவிலுள்ள ஏ.வி. கணு வடிகட்டித்தான் கீழே அனுப்புகிறது. அப்படியும் கீழறைகள் நூறைத் தாண்டி ஓடும். ரத்தம் நிரம்ப நேரமிருக்காது. நடுக்கத்தை நிறுத்த முடியாவிட்டாலும் கீழறையின் வேகத்தையாவது குறைக்கலாம் என்பது பழைய யோசனை. 1785இல் வில்லியம் விதரிங் எழுதிவைத்த டிஜிட்டாலிஸ் மூலிகை அதைப் பெரும்பாலும் வேகஸ் வழியாகவே செய்கிறது. நோயாளி மாடிப்படி ஏறினால் வேகஸ் தானே பின்வாங்கிவிடும், மருந்தின் பிடியும் தளரும்.

அப்படியானால் நரம்பிலேயே மின்சாரம் கொடுத்துவிடலாமே? அங்கேதான் வம்பு. கழுத்து வழியே இறங்கும் வேகஸ் தொண்டைக்கும் வயிற்றுக்கும் கிளை விடுகிறது. அது போகட்டும், மேலறைத் தசை ஒரு துடிப்புக்குப் பின் சுதாரிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் அது சுருக்கிவிடும். நடுக்கத்துக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. ஆய்வுக்கூடங்களில் ஃபிப்ரிலேஷனை வரவழைக்கவே வேகஸைத் தூண்டுவார்கள்!

இந்த முடிச்சை அவிழ்த்தது உடற்கூறியல். சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் வால்டர் ராண்டலும் குழுவினரும் நாய்களின் இதயத்தில், வெளிப்பரப்பில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் திட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். நுரையீரல் சிரைகளின் அருகிலுள்ள திட்டிலிருந்து நரம்புகள் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவுக்குப் போயின. கீழ்ப்பெருஞ்சிரை இடது மேலறையைத் தொடுமிடத்தில் இருந்த திட்டிலிருந்து ஏ.வி. கணுவுக்கு. இரண்டாவதை நீக்கினால், வேகஸ் சைனஸை அடக்கும், ஏ.வி. கணுவைத் தொடாது. அறுவைச் சிகிச்சையில் யாரும் பொருட்படுத்தாத கொழுப்புக்குள் தனித்தனிக் கடிவாளங்கள். என் கணக்கில் ஏ.வி. கணுவின் நரம்பை மட்டும் தூண்டும் சிகிச்சை பிறந்தது இங்கேதான்.

2000த்தை ஒட்டி கிளீவ்லாந்து கிளினிக்கில் டோடர் மஸ்கலெவ் குழு, நாய்களில் ஏ.வி. கணுவுக்கான அந்தத் திட்டில் மின்முனை வைத்தது. வேண்டிய வேகத்தைச் சொல்லிவிட்டால், துடிப்பைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது கணினியின் பொறுப்பு. நாயின் மேலறைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன, கீழறைகள் நிதானித்தன. 2002இல் இதை இன்னொரு முறையோடு ஒப்பிட்டார்கள்: 1982 முதல் மனிதர்களுக்குச் செய்துவரும், ஏ.வி. கணுவையே சிதைத்து ஆயுளுக்கும் பேஸ்மேக்கரை நம்பவைக்கும் முறை. பேஸ்மேக்கர் தாளம் தவறாது. நரம்புத் தூண்டலில் தாளம் சீராகவில்லை, ஆனால் இதயம் ரத்தம் இறைப்பது அதில்தான் மேலாக இருந்தது. காரணம், துடிப்பு இதயத்தின் சொந்தப் பாதையிலேயே இறங்கியது. பேஸ்மேக்கர் கம்பியோ வலது கீழறையிலிருந்து தொடங்கி, சுருங்கும் வரிசையைக் குலைத்துவிடுகிறது.

மார்பைத் திறக்காமல், சிரை வழியே செலுத்திய கம்பியால் மனிதர்களிலும் இது முடியும் என்று 2001இல் பேட்ரிக் ஷவர்ட்டே குழு காட்டியது. ஆனாலும் இன்றும் மருத்துவர் முதலில் எழுதித் தருவது மாத்திரைதான். மேலறை இயல்பாகத் துடிக்கும் நேரத்தில் மின்சாரம் தசைக்குக் கசிந்தால் ஃபிப்ரிலேஷனையே கிளப்பிவிடலாம் என்பது முக்கியமான தடை.

இதற்கிடையே ஓக்லஹோமா ஆய்வாளர்கள் வேறு திசையில் போய்விட்டார்கள். வேகஸின் ஒரு கிளை காதுத் துவாரத்தின் முன்மடலுக்கு வருகிறது. அங்கே ஒரு கிளிப்பை மாட்டி, உறுத்தத் தொடங்கும் அளவுக்கும் கீழான மெல்லிய மின்சாரம், தினமும் ஒரு மணி நேரம், ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவில், அதைப் பெற்றவர்களுக்கு ஃபிப்ரிலேஷனே குறைந்திருந்தது.