பலகையில் இல்லாத பெயர்கள்

எமது கல்லூரியின் கௌரவப் பலகையில் வைத்தியர்களாகிய எமது பெயர்கள் உண்டு. கட்டுக்கரைக் குளத்து ஊர்களில் முன்பள்ளி நடத்தும் எம் தோழியரின் பெயர்கள் இல்லை.

2008 யுத்தத்தில் இடம்பெயர்ந்து மீளக் குடியேறிய ஊர்கள் அவை. நாம் கண்டமட்டில், நிறை குறைந்த பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிவருபவரும், ஊருக்காகப் பிரதேச செயலகத்துக்கு மனு எழுதுபவரும் முன்பள்ளி ஆசிரியையே.

1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் முன்பள்ளி மாகாணத்தின் பொறுப்பு. ஆயினும் கையில் வருவது சம்பளமல்ல, சிறு கொடுப்பனவு. நிரந்தர நியமனம் கேட்டு வடக்கின் ஆசிரியைகள் பலமுறை வீதிக்கு இறங்கினர்.

அயலிலே கிளிநொச்சி, முல்லைத்தீவில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கூடிய சம்பளத்துக்கு ஆசிரியைகளைச் சேர்த்தது. பாலர் வகுப்புக்குப் பாதுகாப்புத் தரப்பின் சம்பளமா என்று பலர் கண்டித்தனர். கண்டனம் சரியே. மாகாணம் உரிய சம்பளம் கொடுத்திருந்தால் அங்கே போயிருப்பார்களா?