பெருநிறை இளம் விண்மீன்கள்: அகச்சிவப்பு ஆய்வின் வரலாறு

சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ளவை பெருநிறை விண்மீன்கள். இவை வாயுவும் தூசும் அடர்ந்த முகில்களுக்குள் பிறப்பதால், கண்ணுக்குப் புலனாகும் ஒளி வெளியே வருவதில்லை. அகச்சிவப்புக் கதிர் அந்தத் தூசை ஊடுருவும். 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஒளியிழப்பு, ஒளிப்பருமன் கணக்கில், கட்புல ஒளியின் இழப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. எனவே இவற்றின் பிறப்பைப் பற்றிய அறிவு அகச்சிவப்புக் கருவிகளோடு சேர்ந்தே வளர்ந்தது.

தொடக்கம் ஓரியன் நெபுலா. திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே, மூன்று விண்மீன்கள் வரிசையாய் நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அது மங்கலாகத் தெரியும். தை மாதத்தில் இரவு ஒன்பதரை மணியளவில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்பவருக்கு, உச்சியிலிருந்து 15 பாகை தெற்கே அது வந்துவிடும். அந்த நெபுலாவுக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு பொருளை பெக்லினும் நியூகெபாவரும் அகச்சிவப்பில் கண்டு 1967இல் அறிவித்தனர். கட்புல ஒளியில் அங்கு எதுவும் தெரியவில்லை. அதே ஆண்டில் கிளைன்மனும் லோவும் அருகிலேயே 22 மைக்ரோமீட்டரில் ஒளிரும் ஒரு முகிலைக் கண்டனர். 1976இல் அங்கிருந்து மூலக்கூறு ஹைட்ரஜனின் ஒளிர்கோடுகள் பதிவாயின. வேகமாக வெளிப்பாயும் வாயு சுற்றுமுகிலில் மோதி, ஹைட்ரஜனை 2000 கெல்வின் அளவுக்குச் சூடாக்கும்போது 2.12 மைக்ரோமீட்டர் கோடு பிறக்கிறது. வெளிப்பாய்வுகளைத் தேடுவோருக்கு இன்றுவரை முதன்மையான அடையாளம் இதுவே.

ஆனால் பெரிய கேள்வி எஞ்சியிருந்தது. சிறிய விண்மீன்கள் தம்மைச் சுற்றிய வட்டிலிருந்து வாயுவை ஈர்த்து வளர்கின்றன. அப்போது இரு துருவங்களிலும் தாரைகளை வீசுகின்றன. பெருநிறை விண்மீனின் கதிர்வீச்சோ, வந்து விழும் வாயுவையே தள்ளிவிடும் அளவுக்கு வலியது. அப்படியானால் அது எப்படி வளர்கிறது? சிறு விண்மீன்கள் மோதி ஒன்றாகித்தான் பெருநிறை விண்மீன் உருவாகிறது என்ற கருத்தும் 1990களில் முன்வைக்கப்பட்டது.

இதற்கு வலுவான விடை தந்த பணிகளுள் ஒன்று, ஹவாயின் மௌனா கியாவில் உள்ள 3.8 மீட்டர் பிரித்தானிய அகச்சிவப்புத் தொலைநோக்கியில் வாட்சன் வரிக்காட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி, 2010இல் வெளியிட்ட அளவாய்வு. அவர்கள் படமெடுத்த 50 பகுதிகளில் 76 விழுக்காட்டில் ஹைட்ரஜன் ஒளிர்வு இருந்தது. பாதி அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் ஒளிர்வுகள் ஒரே நேர்கோட்டில் அமைந்து, குறுகிய தாரைகளைக் காட்டின. மோதலில் பிறந்த விண்மீனுக்கு இத்தகைய ஒழுங்கான தாரை இராது. ரேடியோவில் வலிமையாக ஒளிரும் முதிர்ந்தவற்றில் தாரைகள் மங்கலாக இருந்தன அல்லது காணப்படவே இல்லை. விண்மீன் தன் நிறையின் பெரும்பகுதியை அதற்கு முன்பே சேர்த்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

எஸ்255 பகுதியில் சுமார் 20 சூரிய நிறையுள்ள இளம் விண்மீன் ஒன்று 2015இல் திடீரெனப் பிரகாசித்தது. வட்டிலிருந்து பெருமளவு வாயு ஒரே வீச்சில் உள்ளே விழுந்ததன் விளைவு அது என்று 2017இல் வெளியான அகச்சிவப்பு ஆய்வு காட்டியது. வீச்சு தொடங்கி ஓராண்டுக்குச் சற்று மேல் கழிந்ததும் அதன் தாரை ரேடியோவிலும் பிரகாசித்தது. உள்ளே விழுவதற்கும் வெளியே பாய்வதற்கும் உள்ள தொடர்பு இத்தனை நேரடியாகப் புலப்பட்டது அரிது. எனினும் எல்லா வெளிப்பாய்வும் வட்டின் விளைவல்ல: ஓரியனில் விரல்களைப் போல் விரியும் வாயு, ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் விண்மீன்கள் நெருங்கிச் சிதறியதால் எழுந்த வெடிப்பு.

இந்தியாவில் இத்துறைக்கு முதல் தடை காற்றிலுள்ள ஈரம். நீராவி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சிவிடும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பலூனால் வென்றது: ஹைதராபாத்திலிருந்து 100 சென்டிமீட்டர் தொலைநோக்கியை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, பெருநிறை விண்மீன்கள் பிறக்கும் பகுதிகளைத் தொலை அகச்சிவப்பில் பதிவுசெய்தது. 1990களில் மவுண்ட் ஆபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. லடாக்கின் ஹான்லேயில், 4500 மீட்டர் உயரத்து வறண்ட காற்றில், சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி 2000இல் முதல் ஒளியைக் கண்டது. 2013இல் அதில் டிர்ஸ்பெக் நிறமாலைமானி பொருத்தப்பட்டது. தேவஸ்தலின் 3.6 மீட்டர் தொலைநோக்கி 2016இல் திறக்கப்பட்டது.

ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி, 2மாஸ் அளவாய்வு ஆகியவற்றின் அகச்சிவப்புத் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தென்மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் தங்கள் ஆய்வுத் திட்டங்களுக்கு அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.