கால்களில் புது ரத்தக் குழாய் வளர்ச்சி சிகிச்சை

கால் தமனிகள் அடைபட்டு, படுத்திருக்கும்போதும் வலி குடைந்து, விரல் கறுத்துப் புண் ஆறாமல், பைபாஸுக்கும் பலூனுக்கும் வழியற்றவர்களுக்காகச் சோதிக்கப்படும் முறை. மரபணுவையோ செல்களையோ செலுத்திப் புதிய குழாய்களைக் கிளைக்கச் செய்வதே நோக்கம்.

பாஸ்டனில் ஜெஃப்ரி இஸ்னர் குழு, குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் மரபணுவைப் பலூன் மேற்பூச்சாகத் தமனிக்குள் செலுத்தி, 1996-இல் முடிவை வெளியிட்டது. 71 வயதுப் பெண்ணின் காலில் புதுக் குழாய்கள் தென்பட்டன. தோலில் சிலந்தி வடிவச் சிவப்புத் தடங்கள்கூடத் தோன்றின.

நம்பிக்கை பெரிதாக இருந்தது, ஏமாற்றமும் அப்படியே. 525 பேரிடம் நடந்த டமாரிஸ் ஆய்வில் (2011), கால் நீக்கமோ மரணமோ மரபணு ஊசியால் குறையவில்லை.

ஜப்பான் 2019-இல் கொலேட்டஜீன் என்ற மரபணு மருந்துக்கு நிபந்தனையுடன் அனுமதி தந்தது. 2024-இல் முழு அனுமதி விண்ணப்பத்தைத் தயாரிப்பு நிறுவனமே திரும்பப் பெற்றது. இந்தியாவில் 2020-இல் அனுமதி பெற்ற ஸ்டெம்ப்யூசெல், கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜை செல்களால் ஆனது. புகைப்பவர்களைத் தாக்கும் பர்ஜர் நோய்க்கும் தரப்படுகிறது. புகையை விடாதவருக்கு எந்த ஊசியும் போதாது.