சப்பறத்தில் மின்னிய தாள்

கோயில்களுக்கும் கல்வெட்டுகளுக்கும் வரலாறு எழுதுவோர் உண்டு. ஒரு திருவிழாவோடு பிறந்து அத்திருவிழாவோடே மறைந்துபோகும் கடதாசி வேலைகளுக்கு வரலாறு எழுதுவோர் அரிது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேருக்கு முதல்நாள் இரவு உலாவரும் சப்பறம், கூத்தரசனின் முடி, காவடியின் வளைவு, நத்தார்ப் பாலன் கொட்டிலின் நட்சத்திரம் ஆகியவற்றிலே பொன்னாகவும் வெள்ளியாகவும் மின்னியது பெரும்பாலும் தாளே. அந்தத் தாளைத் தெரிந்தெடுப்பதில் ஒரு தொழிலறிவு இருந்தது.

மின்னும் தாளுக்கு முன்னோடி காக்காய்ப்பொன் எனப்பட்ட மெல்லிய தகடு. அது பொன் வாங்க இயலாதவரின் பொன். இலங்கைத் தேயிலை அக்காலத்தில் உட்புறம் காரீயத் தகடு வேய்ந்த மரப்பெட்டிகளிலே கப்பலேறியது. 1886 இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இருவர் தனித்தனியே மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்த பின்னர் அலுமினியம் மலிந்தது. 1910 இல் சுவிற்சர்லாந்தில் அதனைத் தாள்போல் மெல்லிதாக உருட்டும் ஆலை தொடங்கியது. தேயிலைப் பெட்டி முதல் சிகரெற் பெட்டி வரை ஈயத்தின் இடத்தை அலுமினியம் பிடித்துக்கொண்டது. அத்தகட்டைக் கடதாசியில் ஒட்டியபோது வெள்ளித்தாள் ஆயிற்று. அதன்மேல் மஞ்சட் பூச்சு ஏறியபோது தங்கத்தாள் ஆயிற்று.

சோடனைக்காரருக்கு முதற் கேள்வி விளக்கு எது என்பது. தீவட்டியின் சுடர் ஆடிக்கொண்டே இருக்கும். பெற்றோமாக்ஸ் ஓரிடத்தில் நின்று கூசும். கண்ணாடிபோல் வழுவழுப்பான பெரிய தாள் தன் எதிரே உள்ளதையே காட்டும். இரவில் எதிரே இருப்பது இருள். ஆகவே அருகில் பளிச்சிடும் தாள் தூரத்தில் கறுத்துத் தெரியும். அதே தாளைக் கசக்கி விரித்தாலோ, சிறு துண்டுகளாக ஒட்டினாலோ ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு திசையிலிருந்து ஒளியை வாங்கித் தரும். கூத்து அணிகளிற் சிறு கண்ணாடித் துண்டுகள் பதித்ததன் பயனும் இதுவே.

இரண்டாவது கேள்வி மடிப்பு. தகடு ஒட்டிய தாள் மடித்த இடத்தில் அப்படியே நிற்கும். கோபுரத்தின் கூரிய விளிம்புக்கும் தாமரை இதழுக்கும் அதுவே ஏற்றது. வெற்றிடத்தில் உலோக ஆவி படியச் செய்த தாள் மெல்லியது, மலிவானது. ஆனால் அழுத்தி மடித்தால் மடிப்பிலே வெள்ளைக் கோடு தெரியக்கூடும். பிளாஸ்ரிக் படலம் மடித்தாலும் நிமிர்ந்துவிடும். தொங்கவிடுவதற்கு மட்டுமே நன்று. மூன்றாவது கேள்வி பசை. கோதுமை மாப்பசையின் நீரை உலோகப் பக்கம் உறிஞ்சாது. கடதாசிப் பக்கத்திலேயே தடவ வேண்டும். அளவு மிஞ்சினால் கடதாசி ஊறி விரியும், உலோகம் விரியாது, தாள் சுருளும்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் கடதாசியும் அருமையாயின. யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடு போட்ட கொப்பித் தாள்களிலும் அச்சான காலம் அது. செய்திக்கே தாள் இல்லாத ஊரிற் சோடனைக்குத் தாள் எங்கிருந்து வரும்? பொதிகளின் உட்தாள்களே தஞ்சம். துண்டுகள் சிறியவை, கசங்கியவை, வெளிச்சமோ விளக்குச் சுடர். முன்னோர் தெரிந்து செய்ததை வறுமை கட்டாயமாக்கியது எனலாம்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது. போர் 2009 இல் முடிந்த பின்னர் மறுபடி திறந்தது. இன்று எத்தனை நிறத்திலும் மின்னும் படலங்கள் கடைகளில் உண்டு. அவை மலிவு, ஆயினும் மக்குவதில்லை, எரித்தால் நச்சுப் புகை. அவற்றோடு மடிப்பும் பசையும் பற்றிய பழைய அறிவும் பயனற்றதென ஒதுக்கப்படுகிறது.

அவ்வறிவு உண்மையில் எங்கும் பயன்படும். கணினியில் வரைந்த வடிவங்களை அச்சிட்டு, வெட்டி ஒட்டி மாதிரியுருக்கள் செய்யும் கலை உலகெங்கும் உண்டு. பிரான்சின் எப்பினால் நகர அச்சகம் 19 ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய தாள்களை விற்றது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு பிள்ளை நல்லூர்க் கோபுரத்தைத் தாளிற் கட்ட விரும்பினால், தகடு ஒட்டிய தாளை வாங்கி, வெட்டுக்கோடுகளை இடம்வலம் மாற்றி அதன் வெள்ளைப் பின்புறத்தில் அச்சிடட்டும். உலோகப் பக்கத்தில் மை எளிதிற் பிடிக்காது.

திருவிழாக் காலத்திற் சப்பறத்தை ஆயிரம்பேர் படம் எடுக்கிறார்கள், எல்லாம் முன்புறம். யாரேனும் ஒருவர் பின்புறத்தையும் எடுத்து, கட்டியவரிடம் எந்தத் தாள், ஏன் அந்தத் தாள் என்று கேட்டு எழுதிவைத்தால், அது இக்கலைக்கு ஓர் ஆவணமாகும். சப்பறம் மறுநாளே பிரிக்கப்பட்டுவிடும்.