சவுக்காரத்தில் எண்ணெய் எங்கே?



"சவுக்காரம்" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அதில் காரம் இருக்கிறது, எண்ணெய் இல்லை. இலங்கைத் தமிழர் இன்றும் சொல்லும் "சவர்க்காரம்" என்ற சொல்லிலும் அப்படியே. உவர்மண்ணைக் கரைத்துத் துணியை ஊறப்போட்டு வெள்ளாவி வைத்த ஊர் நம்முடையது. அழுக்கைப் போக்குவது காரம்தான் என்று நம்மவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் ஒரு சோப்புக் கட்டியை எடுத்துக்கொண்டால் அதில் பெரும்பங்கு எண்ணெயிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ வந்ததுதான். கட்டி கெட்டியாக இருக்குமா, நுரை வருமா, தோல் வறளுமா, என்ன விலை ஆகும் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பழைய மாணவிகளில் சிலர் வீட்டில் சோப்பு செய்து விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் ஆலிவ் எண்ணெய் போட்டால்தான் தரமான சோப்பு என்று நம்பி, குழுக்கடன் வாங்கி டின் டின்னாக இறக்கப் போவதாக இரண்டு பேர் சொன்னார்கள். பணம் போடுவதற்கு முன் அவர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட வேண்டும்.

"ஆலிவ்தான் சுத்தம்" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

பிரான்சின் தென்கரையில் மார்சேய் என்ற துறைமுகம் இருக்கிறது. சோப்புக்குப் பேர்போன ஊர். 1688ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் சோப்புத் தொழிலுக்கென ஓர் அரசாணை வந்தது. சோப்பில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பு, வெண்ணெய் எதுவும் சேர்க்கக் கூடாது, மீறினால் சரக்கு பறிமுதல் என்றது ஆணை. கோடை மாதங்களில் கொப்பரைகளை நிறுத்திவிட வேண்டும் என்றும் விதித்தது. வெயிலில் சரக்கு கெடும் என்பது அதற்குச் சொன்ன காரணம்.

தரத்தைக் காக்கும் சட்டம் என்பது உண்மைதான். ஆனால் மார்சேயைச் சுற்றியிருக்கும் புரோவான்ஸ் பகுதி முழுக்க ஆலிவ் தோப்புகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கடலோர உப்புச் செடிகளை எரித்த சாம்பலில் சோடியம் காரம் கிடைத்தது. அதனால் கட்டியான சோப்பு வந்தது. வடக்கு ஐரோப்பாவில் விறகுச் சாம்பல். அதில் கிடைப்பது பொட்டாசியம் காரம். அதோடு மாட்டுக் கொழுப்போ மீன் எண்ணெயோ சேர்த்தபோது கூழ் போன்ற சோப்புதான் வந்தது. சிரியாவின் அலெப்போவில் ஆலிவ் எண்ணெயோடு லாரல் காய் எண்ணெய் சேர்த்தார்கள். இங்கிலாந்தில் ஆலிவ் விளையாது, ஆடு மாடு நிறைய. அங்கே மாட்டுக் கொழுப்புதான் சோப்பு. ஆக, அவரவர் ஊரில் எது மலிவாகக் கிடைத்ததோ அதுவே அந்த ஊருக்கு நல்ல சோப்பு. மார்சேய் மட்டும் தன் ஊர் எண்ணெயைச் சட்டமாக்கிக்கொண்டது.

சட்டத்தைத் தளர்த்திய வேதியியல்

1791இல் நிக்கோலா லெப்லான் என்ற பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை சோப்புக்காரர்கள் காரத்துக்குத்தான் அலைந்தார்கள். அந்த முறை தொழிற்சாலைகளில் பரவிய பிறகு காரம் மலிவாகிவிட்டது. அடுத்த தட்டுப்பாடு எண்ணெய்.

1811இல் செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம் பன்றிக் கொழுப்பில் செய்த சோப்பு ஒன்று ஆய்வுக்கு வந்தது. அதிலிருந்து முத்துப் போல மின்னும் படிகத்தைப் பிரித்தெடுத்தார். தொடர்ந்து ஆய்ந்து 1823இல் நூலாக வெளியிட்டார். எந்தக் கொழுப்பை எடுத்தாலும் உள்ளே கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் இணைந்திருக்கின்றன. காரம் அந்த இணைப்பை உடைத்து, அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. கிளிசரின் தனியே வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, அதே வினைதான். இதன் பொருள் பெரிது. ஆலிவோ ஆட்டுக் கொழுப்போ, வினை ஒன்றே. மாறுவது அமிலங்களின் விகிதம் மட்டும். செவ்ரூல் 1889 வரை, 102 வயது வாழ்ந்தார். தன் கண்டுபிடிப்பு உலகத்தின் எண்ணெய்ச் சந்தையையே புரட்டிப் போட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மார்சேய்க்குப் போன மல்லாட்டை

பழைய ஆணை காலாவதியானதும் மார்சேய்க்காரர்களே மற்ற வித்துகளைத் தேடினார்கள். 1840களிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து நிலக்கடலை கப்பல் கப்பலாக அங்கே போனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் பக்கமும் அந்தத் தேவை வந்து சேர்ந்தது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் புன்செய் நிலங்களில் மணிலாப் பயிர் பரவியது. நாம் மல்லாட்டை என்கிறோமே, அதுதான். பெரும்பகுதி புதுச்சேரித் துறை வழியாக மார்சேய்க்குப் போனது. அங்கே செக்கிலும் ஆலையிலும் ஆட்டி, நல்ல எண்ணெய் சமையலுக்கும் அடுத்த தரம் சோப்புக்கும் போயிற்று.

நம்மூர் மானாவாரி விவசாயிக்கு அது ரொக்கம் பார்க்க வைத்த பயிர். அதே நேரம் கடல் தாண்டி இருக்கும் ஓர் ஊரின் கொப்பரையை நம்பிய பயிர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டு கப்பல் போக்குவரத்து முடங்கியபோது இங்கே கடலையை வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. போர் யாருக்கும் யாருக்கும் இடையே என்று தெரியாத ஆள்கூடக் களத்தில் குவித்த கடலையோடு நின்றார்.

எண்ணெய்க்காக நடந்தவை

இங்கிலாந்தில் லீவர் சகோதரர்கள் 1884இல் சன்லைட் சோப்பைத் தொடங்கினார்கள். மாட்டுக் கொழுப்போடு தேங்காய் அல்லது பனைக்கொட்டை எண்ணெய், பருத்திக்கொட்டை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்ததால் அது பழைய கொழுப்புச் சோப்பைவிடச் சட்டென நுரைத்தது. 1888இல் கல்கத்தா துறைமுகத்துக்கும் வந்துவிட்டது. அந்த நுரைக்கு வெப்பமண்டலத்து எண்ணெய் வேண்டும். 1911இல் அந்த நிறுவனம் பெல்ஜியக் காங்கோவில் எண்ணெய்ப் பனைக் காடுகளுக்கான உரிமையைப் பெற்றது. பழம் பறிக்க ஆப்பிரிக்க மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டதை வரலாற்று ஆசிரியர்கள் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்கள்.

1901இல் நார்மன் என்ற ஜெர்மானியர் திரவ எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும் முறையைக் கண்டார். வனஸ்பதி பிறந்த வழி அது. அதே வழியில், நாற்றமடிக்கும் திமிங்கில எண்ணெயும் சோப்புக்கும் செயற்கை வெண்ணெய்க்கும் ஏற்றதானது. தென்துருவக் கடலில் திமிங்கிலங்கள் அழிந்ததில் குளியலறைக்கும் சமையலறைக்கும் பங்கு உண்டு.

நம் பக்கத்துக் கதை

மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்றால் நம் நாட்டில் பலர் தொடமாட்டார்கள். எனவே இங்கே சோப்பு செய்ய நினைத்தவர்களுக்கு முதல் கேள்வியே எண்ணெய்தான். சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த சர் ஃபிரடெரிக் நிக்கல்சன், மலபார்க் கரையில் தானூரில் மத்தி மீன் எண்ணெயிலிருந்து சோப்பு செய்து பார்க்க வைத்தார். பயிர்ப்பூச்சிகளுக்குத் தெளிக்க மீன் எண்ணெய் சோப்பு உதவும். அந்தச் சோதனைகளின் தொடர்ச்சியாக 1914இல் கோழிக்கோட்டில் அரசு சோப்புக்கூடம் வந்தது. வேளாண் வங்கிகளைப் பற்றி 1890களில் அறிக்கை எழுதி, நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வித்திட்டவரும் இதே நிக்கல்சன்தான். குழுக்கடனும் சோப்பும் அன்றே ஒரே ஆளின் மேசையில் இருந்திருக்கின்றன!

1917இல் டாட்டா எண்ணெய் ஆலை தொடங்கியது. கொச்சிப் பக்கம் தேங்காயை நம்பி அதன் ஆலை எழுந்தது. அர்தேஷிர் கோத்ரெஜ் விலங்குக் கொழுப்பே இல்லாத குளியல் சோப்பைத் தாவர எண்ணெயில் செய்து விற்றார். சுதேசி காலத்தில் அது பெரிய செய்தி. விடுதலைக்குப் பிறகு காதி கிராமத் தொழில் ஆணையம் வேம்பு, புங்கம், இலுப்பை ஆகிய எண்ணெய்களில் சலவைச் சோப்பு செய்யும்படி ஊக்கம் கொடுத்தது. தாளிக்கும் எண்ணெய்க்கே தட்டுப்பாடு இருக்கும் நாட்டில் அதைத் துணி துவைக்கச் செலவழிக்கலாமா என்ற எண்ணம்தான் காரணம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

தேங்காய் எண்ணெய்: கட்டி கெட்டியாக வரும், உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். தனியாகப் போட்டால் தோலை வறட்டும்.
ஆலிவ் எண்ணெய்: மென்மை. நுரை குறைவு, கட்டி இறுக மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். விலையை நீங்களே அறிவீர்கள்.
கடலெண்ணெய்: ஆலிவுக்கு ஓரளவு நெருங்கிய குணம். தனியாகப் போட்டால் கட்டி மெதுவாக இருக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும்.
விளக்கெண்ணெய்: சிறிதளவு சேர்த்தால் நுரை நிலைக்கும். அதிகமானால் பிசுபிசுக்கும்.
இலுப்பை, புங்கம், வேம்பு: யார் சாப்பாட்டிலிருந்தும் பிடுங்காத எண்ணெய்கள். வாடையும் நிறமும் உண்டு. தேங்காய் எண்ணெயோடு கலந்தால் நல்ல சலவைக் கட்டி.

ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெயை மாற்றினால் காரத்தின் அளவையும் மாற்ற வேண்டும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். 1 கிலோ கடலெண்ணெய்க்கு 136 கிராம், ஆலிவுக்கு 135 கிராம் போதும். தேங்காய் எண்ணெயின் அமிலங்கள் குட்டையான சங்கிலிகள். அதனால் ஒரு கிலோவில் எண்ணிக்கை அதிகம், காரமும் அதிகம் பிடிக்கும். விலை ஏறிவிட்டதே என்று தேங்காய்க்குப் பதில் கடலெண்ணெயை ஊற்றி, பழைய கணக்கிலேயே காரம் போட்டால் 47 கிராம் காஸ்டிக் சோடா கட்டியில் தங்கிவிடும். அதை ஒரு குழந்தையின் முதுகில் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கில் வரும் காரத்தில் நூற்றுக்கு ஐந்து குறைத்தே போடுங்கள். தண்ணீரில் காரத்தைப் போட வேண்டும், காரத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடாது. கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

கடன் வாங்க இருக்கும் பிள்ளைகளுக்கு: முதலில் ஒரு கிலோ தேங்காய் எண்ணெயும் உங்கள் ஊர் செக்கில் கிடைக்கும் இன்னொரு எண்ணெயும் வாங்கிக் கலந்து, ஐந்தாறு வாரம் காயவைத்து, உங்கள் ஊர்த் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். வாங்குகிறவர் உங்கள் தெருவில் இருக்கும்போது எண்ணெய் மட்டும் ஏன் மத்தியதரைக் கடலிலிருந்து வர வேண்டும்? "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று இலுப்பையை மட்டமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். மார்சேய்க்காரன் தன் தோப்பில் விளைந்ததைத்தான் உலகத்திலேயே சுத்தமானது என்றான்.

உங்கள் ஊரில் இன்னும் இலுப்பை மரம் நிற்கிறதா, புங்கங்கொட்டையை யார் வாங்குகிறார்கள், செக்கு ஓடுகிறதா என்று கீழே எழுதுங்கள். சோப்பு செய்கிறவர்களுக்கு அந்தத் தகவல் பயன்படும்.