எம்டனும் சியாமாசெட்டியும்

ராயபுரத்தில் ஒருவனை "சரியான எம்டன்" என்றால் பாதி வசவு, பாதி பாராட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் நழுவியது. கப்பலுக்குப் பெயர் தந்த எம்டன், எம்ஸ் ஆற்றங்கரையில் நம் எண்ணூர் மாதிரி ஒரு முகத்துவாரத்து ஊர். எமனும் எமகாதகனும் ஏற்கெனவே குடியிருந்த நாக்கில் அது சுலபமாக ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். 2006இல் 'எம்டன் மகன்' படம், தமிழ்த் தலைப்புக்கான வரிவிலக்கை நாடி 'எம் மகன்' ஆனது. தொண்ணூறு ஆண்டு புழங்கியும் குடியுரிமை கிடைக்கவில்லை!

எம்டன் ஓர் இரவு வந்துபோன விருந்தாளி; வியக்க முடிந்தது. நாள்தோறும் தலைக்கு மேல் வருகிறவற்றுக்கு வைக்கும் பெயர் வேறு ரகம். புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் வாழும் ஈழத்து முதியவர்களுக்குச் சியாமாசெட்டி, புக்காரா, சகடை, கிபிர் என்றால் விளக்கம் வேண்டாம். எல்லாம் இலங்கை விமானப்படை குண்டுவீசப் பயன்படுத்திய விமானங்கள்.

சியாமாசெட்டியின் கதைதான் சுவையானது. இத்தாலியின் சியாய்-மார்கெட்டி நிறுவனத்து எஸ்.எஃப்.260, விமானிகளைப் பழக்கும் சிறு விமானம். அதில் ராக்கெட் மாட்டி, 1987 வடமராட்சித் தாக்குதலில் தரைப்படைக்குத் துணையாக இறக்கினார்கள். இத்தாலியர் 'கெ' என்று ஒலிப்பதை ஆங்கில எழுத்துவழி 'செ' எனப் படித்து, நிறுவனப் பெயரின் முன்பாதியையும் சேர்த்துக் குறுக்கியதில் ஒரு செட்டியார் பிறந்துவிட்டார்.

புக்காரா, தரைப்படைத் துணைக்கென்றே அர்ஜென்டினா கட்டியது. கெச்சுவா மொழியில் கோட்டை. கிபிர், 1996இல் வந்த இஸ்ரேலிய ஜெட், எபிரேயத்தில் சிங்கக்குட்டி. இரண்டும் உருமாறாமல் தமிழுக்குள் வந்தன.

சகடை சொந்தச் சரக்கு. சகடம் என்றால் வண்டி. கண்ணன் உதைத்த சகடாசுரன் இதன் உறவுக்காரன். மெல்ல உறுமிக்கொண்டு வரும் சரக்கு விமானத்திலிருந்து குண்டை உருட்டிவிட்டால் வேறென்ன பெயர் வைப்பது?

நிபுணர்கள் இவற்றைச் சுமை, வேகம், பீரங்கி கொண்டு ஒப்பிடுவார்கள். பதுங்குகுழிக்காரர்கள் கணக்கிட்டது, சத்தம் கேட்டபின் ஓடக் கிடைக்கும் நேரத்தை. கிபிர் அதைத் தராது. சகடை வருவது தூரத்திலேயே தெரியும், பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கிவிடலாம். ஆனால் குறிபார்த்துப் போடவென்று செய்த விமானமல்ல அது, பக்கத்து வளவுக்கு வைத்தது உங்கள் வளவில் விழும்.